இருமினா ரத்தம்: எந்தக் குழாய்லேர்ந்துன்னு பாக்கணும்

நுரையீரலுக்கு ரெண்டு வழியா ரத்தம் போகுது. பெருநாடியிலேர்ந்து வர்ற மூச்சுக்குழாய்த் தமனி ஒண்ணு, பிரஷர் ஜாஸ்தி. இன்னொண்ணு இதயத்தோட வலது பக்கத்துலேர்ந்து வர்ற நுரையீரல் தமனி, பிரஷர் கம்மி. இருமும்போது கொட்டுற ரத்தம் பெரும்பாலும் முதல் குழாய்லேர்ந்துதான், அதனால எங்க ரேடியாலஜி (ஸ்கேன் பாத்து வைத்தியம் பண்ற துறை) ஆளுங்க கையும் தானா அங்கதான் போகும், தொடை வழியா கதீட்டர்ங்கற மெல்லிசு குழாய விட்டு அடைச்சிடுவோம், நின்னுடும். ஆனா சிலருக்கு அடைச்ச மறுநாளே திரும்ப வரும் பாருங்க, அப்பதான் நுரையீரல் தமனி மேல சந்தேகமே வருது. முதல்லயே கான்ட்ராஸ்ட் சிடியில, அதாவது சாய மருந்து ஏத்தி எடுக்கற சிடி ஸ்கேன்ல, ரெண்டு குழாயையும் பாத்திருந்தா இந்த அலைச்சல் இல்ல.

நம்ம ஊர்ல இதுக்கு முதல் சந்தேகம் டிபி. டிபி குழி போட்ட இடத்துல பக்கத்துல ஓடுற நுரையீரல் தமனியோட சின்னக் கிளையில சுவர் அரிச்சுப்போய் பலூன் மாதிரி புடைச்சுக்கும், பேரு ராஸ்முசன் அனியூரிசம், 1868ல டென்மார்க் டாக்டர் ஒருத்தர் எழுதி வச்சது. இதுக்கு வைத்தியம் நேரடியானது, இதயத்து வழியா கதீட்டரக் கொண்டுபோய் அந்தக் கிளைக்குள்ள காயில்ங்கற சின்னக் கம்பிச் சுருள வச்சோ, பசை மருந்து விட்டோ அடைச்சிடறது, கூடவே டிபி மாத்திரை. அது முடியலன்னாதான் ஆபரேஷன்.

என்னை நெஜமா பயமுறுத்துறது பெச்செட் நோய்தான், ரத்தக் குழாய்ங்கள்ல அழற்சி வர்ற நோய். துருக்கி பக்கம் அதிகம், நம்ம ஊர்ல அபூர்வம், ஆனா இல்லாம இல்ல. சின்ன வயசுப் பையன், அடிக்கடி வாய்ப்புண், பிறப்புறுப்புல புண், கண்ணு சிவந்து வலி, இப்போ கால் வீங்கி ரத்தக்கட்டு, சிடி எடுத்தா நுரையீரல் தமனிக்குள்ளயும் ரத்தக்கட்டு. யாரா இருந்தாலும் ரத்தக்கட்டு கால்லேர்ந்து ஓடிவந்துடுச்சுன்னு நெனச்சு, ரத்தத்த இளக்கற ஹெப்பாரின் ஊசி போட்டுடத் தோணும். அதுதான் பொறி. இந்த நோயில ரத்தக்கட்டு பெரும்பாலும் அங்கயே, வீங்கிப்போன சுவர்லயே உருவாகுது, அந்த வீக்கத்த கவனிக்காம ரத்தத்த இளக்கினா வெடிச்சு ஆளே போயிடலாம். இதுக்கு ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் குடுத்து முதல்ல அழற்சிய அடக்கணும், பல பேருக்கு அந்த அனியூரிசமே சுருங்கிடும்! கத்தி வைக்கறது கடைசிக்கும் கடைசி.

மெயின் நுரையீரல் தமனியே 4 செ.மீ. தாண்டி விரியற கேஸ் வேற கதை, நுரையீரல் தமனியில பிரஷர் ஏறினதோ பிறவி இதயக் கோளாறோ காரணமா இருக்கும், நிறைய பேர வருஷா வருஷம் அளந்து பாத்துட்டே இருப்போம்.

அதனால சிடி எடுக்கப் போறவங்க பழைய டிபி, வாய்ப்புண் கதையெல்லாம் கேக்காமலே சொல்லிடுங்க, அத வச்சுத்தான் நாங்க எங்க தேடறதுன்னு முடிவு பண்றோம். வீட்ல யாருக்காவது நிறைய ரத்தம் வந்தா உடனே 108. எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் கீழ இருக்கிற மாதிரி ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, நல்ல நுரையீரலுக்குள்ள ரத்தம் இறங்கக் கூடாது, ஏன்னா இதுல உயிர் போறது பெரும்பாலும் மூச்சு அடைச்சுத்தான்.