அரிவாள் தீட்டும் ஒலி

பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை மரப்பலகையில் வெண்கல் பொடியைத் தூவி, அதன்மேல் இழுத்து இழுத்துத் தீட்டுவார்கள். 2017இல் திருச்செந்தூரை அடுத்த தேரிக்காட்டுச் செம்மணலில் இருபத்து நான்கு இரவுகளில் எடுக்கப்பட்ட ஒரு சிறு முதலீட்டுப் பேய்ப் படத்துக்கு ஒலி வடிவமைக்க நான் ஒப்புக்கொண்டதற்கு அந்த ஒலி ஒன்றே காரணம். செத்துப்போன பனையேறி ஒருவன், தன் பனங்காட்டை விற்றுத் தின்றவர்களை ஆவியாக வந்து ஒவ்வொருவராக வெட்டிக் கொல்வதுதான் கதை. அவன் திரைக்கு வருமுன் பலகையில் அரிவாள் இழுபடுவது மட்டும் கேட்கும்.

சர்க்கரைப் பாகில் சிவப்பு நிறமியும் காபித் தூளும் கலந்து ரத்தம் செய்தோம். அதன் இனிப்புக்குக் கட்டெறும்பு மொய்த்து, பிணமாகக் கிடந்த நடிகர் பாதிக் காட்சியில் எழுந்து ஓடினார். எனக்கு வேண்டியவை எல்லாம் அந்தக் காட்டிலேயே கிடைத்தன. இளநுங்கைச் சீவினால் சதையில் விழும் வெட்டு, காய்ந்த மட்டையை முறித்தால் எலும்பு. இரவு இரண்டு மணிக்கு மைக்கை நீட்டிக்கொண்டு நுங்கு சீவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, தோட்டத்துக் காவல்காரர் சற்றுத் தள்ளியே நின்றார்.

எங்கள் கவலை தணிக்கையில் தொடங்கியது. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப இயலாது. முகம் தெரிந்த நடிகர் ஒருவர்கூட இல்லாத படத்துக்கோ தொலைக்காட்சி உரிமைதான் போட்ட பணத்தில் பாதியையாவது மீட்டுத் தரும் என்று தயாரிப்பாளர் நம்பியிருந்தார். ஆகவே ‘யு/ஏ’ வாங்குவதற்காக, சொல்லப்பட்ட வெட்டுகள் அனைத்தையும் அவர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். சேவல் விவகாரம் முழுக்க எங்கள் தவறு. வாசலில் கட்டிய கருஞ்சேவல் ஒன்று இரண்டு காட்சிகளில் வருகிறது. விலங்கையோ பறவையையோ நடிக்க வைப்பதற்கு விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும் என்பது எங்கள் மேனேஜருக்கு நினைவில்லை. வாரியம் அப்போது திருவான்மியூரில்தான் இருந்தது. ஆனால் படப்பிடிப்பு முடிந்தபின் அங்கே போய் என்ன சொல்வது? கிராபிக்ஸில் சேவலை அழிக்க ஆன செலவில் ஒரு கோழிப்பண்ணையே வைத்திருக்கலாம்.

ரத்தம் தெரியும் காட்சிகள் பாதியாகக் குறைந்து, இரண்டு கொலைகளில் அரிவாள் விழும் கணமே போய்விட்ட படத்தொகுப்பு என் மேசைக்கு வந்தபோது, விழாத வெட்டுக்கு ஒலி எங்கே வைப்பது என்று இரண்டு நாள் எனக்கு விளங்கவில்லை. பிறகு, கொலையைத் திரைக்கு வெளியே கொண்டுபோனோம். காலியான வாசற்படி மட்டும் திரையில் நிற்கும். பலகையில் தீட்டும் ஒலி பார்வையாளரின் முதுகுக்குப் பின்னாலுள்ள ஸ்பீக்கர்களில் தொடங்கி, மெல்ல நெருங்கி, நின்றுவிடும். அதன் பிறகே நுங்கு. இதைச் சொன்னதற்காக இயக்குநர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை என்றாலும் சொல்லத்தான் வேண்டும்: முன்பிருந்ததைவிடப் படம் நன்றாகவே ஆகிவிட்டது.

வெளியீட்டு நாளாக 2018 மார்ச் இரண்டாம் வெள்ளியைக் குறித்திருந்தோம். டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்து மார்ச் முதல் தேதியிலிருந்து புதிய படங்களை வெளியிடுவதில்லை என்று தயாரிப்பாளர்கள் முடிவெடுக்க, ஒட்டிய சுவரொட்டி வெயிலில் வெளுத்தது. கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். அதிகக் கட்டணம் முதலில் நசுக்குவது எங்களைப் போன்ற படங்களைத்தான். ஆனால் ஏழு வாரத்து வட்டியும் எங்களைப் போன்ற படங்களைத்தான் நசுக்கியது. ஏப்ரல் 20 அன்று தடை நீங்கி முதலில் வந்த ‘மெர்குரி’யும் ஓர் ஆவிக் கதையாக அமைந்ததால், ‘பேய்ப் படம் இப்போதுதானே ஒன்று வந்தது’ என்று விநியோகஸ்தர்கள் கைவிரித்தார்கள். தேங்கி நின்ற படங்களின் வரிசையில் எங்களுக்கு இடம் கிடைத்தபோது ஆகஸ்ட் பிறந்திருந்தது; கிடைத்தவையும் பெரும்பாலும் காலைக் காட்சிகள்.

அந்த வெள்ளிக்கிழமை காலைக் காட்சி நடக்கவில்லை. கடன் தீர்ந்ததென்று பைனான்சியர் தர வேண்டிய கடிதம் முந்தைய நாள் நள்ளிரவு தாண்டியும் வரவில்லை. அது வராமல் படத்தைத் திறக்கும் கேடிஎம் சாவி எந்தத் திரையரங்குக்கும் போகாது. மதியத்துக்குமேல் சில ஊர்களில் மட்டும் படம் திறந்தது. நான் புறநகரில் ஒரு திரையரங்குக்குப் போனேன். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர்.

ஒலிக்கலவைக் கூடத்தில், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பேடரை 7இல் வைத்துத்தான் அளவு பார்ப்போம். திரையரங்கிலும் 7இல் ஓட்டினால்தான் நாங்கள் கேட்டது அங்கே கேட்கும். முதல் கொலை வந்தது. காலி வாசற்படி வந்தது. முதுகுக்குப் பின்னால் ஏதும் கேட்கவில்லை. வெறும் வாசற்படியை அரை நிமிடம் பார்த்த ஒருவர், ‘படம் நின்னுபோச்சா?’ என்று கேட்டார். ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். பேடர் நாலரையில் இருந்தது.

‘ஏத்தினா ஸ்பீக்கர் போயிடும் தம்பி, முதலாளி திட்டுவாரு’ என்றார் ஆபரேட்டர். அவர் சொன்னதிலும் பொய்யில்லை. பின்வரிசை ஸ்பீக்கர்களில் இரண்டு ஏற்கெனவே வேலை செய்யவில்லை. ‘அண்ணே, ஒரே ஒரு ரீல்’ என்று கெஞ்சினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஐந்தரைக்கு ஏற்றினார்.

திரும்பி வந்து கதவோரம் நின்றேன். அடுத்த வாசற்படி வந்தபோது, இடைவேளைக்குச் சமோசா அடுக்கிக்கொண்டிருந்த பையன், யாரோ கூப்பிட்டதுபோலத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு முதுகு காட்டி, இருட்டான பின்சுவரைப் பார்த்தான்.