மூக்குக் குழாய் வேண்டுமா: வார்டுக் குறிப்புகள்

மார்ச் 3

"அப்போ அம்மாவைப் பட்டினி போடச் சொல்றீங்களா?" முதுமை மறதிநோய் முற்றி, சோறு வாயிலேயே தங்க ஆரம்பித்ததும், மூக்கு வழியாக வயிற்றுக்குப் பால் செலுத்தும் குழாய் வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகள் கேட்பது இதைத்தான். கோபமாகத் தெரியும், ஆனால் பயம். பக்கவாதத்தில் விழுங்க முடியாமல் போனவருக்கு அந்தத் திறன் சில வாரங்களில் திரும்பலாம். அதுவரை தாங்கக் குழாய் உதவும். மறதிநோயின் கடைசிக் கட்டத்தில் அப்படித் திரும்பி வருவதற்கு ஒன்றுமில்லை. அங்கே குழாய் ஆயுளை நீட்டும், நிமோனியாவைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. எச்சிலும், வயிற்றிலிருந்து மேலேறும் பாலும் குழாய் இருந்தாலும் நுரையீரலுக்குள் இறங்கும். குழாயைப் பிடுங்காமலிருக்கக் கைக்கு உறை மாட்டுவார்கள். அந்தக் கையால் போர்வையைக்கூட இழுத்துக்கொள்ள முடியாது.

மார்ச் 5

மறதிநோய் என்று எழுதியிருப்பதாலேயே முடிவெடுக்கத் தெரியாதவர் ஆகிவிடமாட்டார். சிங்கப்பூரின் 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் பார்க்கச் சொல்வது நான்கு: புரிகிறதா, நினைவில் நிற்கிறதா, எடைபோட முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா. காலையில், காது மெஷின் போட்டு, காய்ச்சல் தணிந்த பிறகு, தமிழில் கேட்க வேண்டும். பேரனை மொழிபெயர்க்க வைத்தால் "புற்றுநோய்" "சின்னக் கட்டி" ஆகிவிடும். நம் பாட்டிகள் "நீங்க சொன்னா சரி டாக்டர்" என்பார்கள். அது மரியாதை, சம்மதம் அல்ல. "நான் சொன்னத உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா" என்று கேட்டால்தான் எது போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

மார்ச் 8

எல்பிஏ, அதாவது மனத்திறன் போனபின் தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம், கையில் இருந்தால் எல்லாம் தன் முடிவு என்று பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். உயிர்காப்புச் சிகிச்சையை ஏற்பதோ மறுப்பதோ அந்த அதிகாரத்தில் வராது. நோயாளியின் நலன் பார்த்து மருத்துவர்தான் முடிவெடுப்பார், குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு. ஏஎம்டி, அதாவது கடைசிக் கட்டத்தில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்க வேண்டாம் என்ற முன் உத்தரவில், கையெழுத்திட்டிருந்தாலும் குழாய்க் கேள்வி தானாகத் தீராது: அதற்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், நியாயமான அளவில் உணவும் நீரும் தருவதை ஏஎம்டி நிறுத்தாத வலிதணிப்புப் பராமரிப்பில் சேர்த்திருக்கிறது. அதனால்தான் ஏசிபி பேச்சை, அதாவது எப்படிப்பட்ட பராமரிப்பு வேண்டும் என்று முன்கூட்டியே பேசி எழுதி வைப்பதை, இத்தனை வலியுறுத்துகிறேன். அதற்குச் சட்ட பலம் இல்லை. ஆனால் "மூக்குல எதையும் சொருகாதீங்க" என்று அம்மா பேசும் காலத்தில் சொன்னது தாளில் இருந்தால், அண்ணன் தம்பி சண்டை பாதி அடங்கும்.

மார்ச் 12

கையால் ஊட்டுவது. நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க, டீஸ்பூனில் பாதி. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். கன்னத்துக்குள் ஒதுக்கியிருக்கிறதா என்று பார்க்கவும். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. குழைத்த தயிர்சாதம் நல்லது. உதிரும் இட்லி வேண்டாம். ரசம்தான் ஆபத்து: தண்ணீராக இருப்பதால் விழுங்கத் தொடங்குமுன்பே மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் சொன்ன அளவில் கெட்டியாக்கும் மாவு கலந்து கொடுக்கலாம். அரைக் கிண்ணம்தான் போனதென்றால் அன்றைக்கு அது போதும்.

மார்ச் 13

குடும்பம் இன்னும் தயங்கினால் இரண்டு வாரம் மட்டும் குழாய் போட்டுப் பார்க்கும் சோதனை. குழாய் போடும் முன்பே எழுத வேண்டியவை: எது மேம்பட வேண்டும், யார் பார்ப்பது, எந்தத் தேதி. தேதி எழுதாமல் விட்ட குழாய் மாதக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எடுப்பது கொலை செய்வதுபோல் பிள்ளைகளுக்குத் தோன்றுகிறது. இந்த முறை மார்ச் 27, காலை 10 மணி. மூத்த மகன், இளைய மகள் இருவரும் வர வேண்டும் என்று கோப்பின் முதல் பக்கத்தில் எழுதியாயிற்று.