மழை வந்தால் ஏன் மூச்சு வாங்குகிறது?

"இடி மழை வந்தா எனக்கு ஏன் மூச்சு வாங்குது?"

காத்திருப்பு அறையில் பக்கத்து இருக்கைச் சிறுமி இன்று அம்மாவிடம் கேட்டாள். கையில் நீல நிற இன்ஹேலர். அதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

சரியான கேள்வி. மகரந்தத் துகள்கள் ஈரத்தில் ஊறி வெடித்துச் சிதறும். அந்தப் பொடி நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். 2016 நவம்பரில் மெல்போர்னில் ஒரே மாலைப் புயலில் ஆயிரக்கணக்கானோர் மூச்சு முட்டி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட பலருக்கு அதற்குமுன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லை.

பூமி சூடாக ஆக, பல இடங்களில் மகரந்தக் காலமும் நீள்கிறது.

அப்புறம், லண்டன் சிறுமி எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா. 2013-ல் கடும் ஆஸ்துமாவால் இறந்தபோது வயது 9. காற்று மாசுக்கும் அந்த மரணத்தில் பங்கு உண்டு என்று 2020-ல் விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அவள் அம்மா ரோசமண்ட் விடாமல் போராடியதால் வந்த தீர்ப்பு அது.

பருவநிலை பற்றிப் பேசும் மேசைகளில் நோயாளிகளுக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களே, எந்த வானிலையில் மூச்சு முட்டியது என்று குறித்து வையுங்கள். மருத்துவரிடம் மட்டுமல்ல, உங்கள் மக்கள் பிரதிநிதியிடமும் காட்டுங்கள்.