சர்வே கல்லுக்கு முன்னாடி வரணும்

காஞ்சிபுரம் பக்கத்துக்காரன்னு தெரிஞ்சதும் ஆபீஸ்ல எல்லாரும் கேக்குற மொத கேள்வி, "ஏன்பா உங்க ஆளுங்க பரந்தூர் ஏர்போர்ட்ட வேணாங்கிறாங்க, பணம்தான் நெறைய தர்றாங்களே?" இத ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொல்லி முடிக்க முடியல, அதான் இங்க எழுதுறேன்.

எனக்கு ஏர்போர்ட் மேல கோவம் இல்ல. மீனம்பாக்கம் சுத்தி வீடும் ஆறும் மலையும், அங்க இன்னும் எவ்ளோதான் விரிக்க முடியும், சென்னைக்கு இன்னொன்னு வேணும்னு சொன்னா ஒத்துக்குறேன். ஆனா கேட்ட விதம் இருக்கு பாருங்க, அதத்தான் என்னால ஏத்துக்க முடியல.

திருப்போரூர், பன்னூர், படாளம், பரந்தூர்னு நாலு எடம் பாத்தாங்க, 2022 ஆகஸ்ட்ல பரந்தூர்தான்னு அறிவிச்சாங்க. 13 கிராமம், 5,000 ஏக்கருக்கு மேல. தங்க ஊர் போகப்போகுதுங்கிறதையே நியூஸ்ல பாத்துதான் தெரிஞ்சுகிட்டோம்னு அந்த 13ல ஒண்ணான ஏகனாபுரத்துல பல பேர் சொன்னாங்க. அதுக்கப்புறம் சந்தை மதிப்புல மூணரை மடங்கு தர்றோம், வீட்ல ஒருத்தருக்கு வேலை தர்றோம்னு அரசு சொன்னப்போ, இத மொதல்லயே ஏன் வந்து சொல்லலங்கிறதுதான் அவங்க மனசுல நின்னுச்சு. பகல்ல வயக்காட்டு வேலை முடிச்சிட்டு சாயந்தரம் ஒண்ணா உக்காந்து போராடுன ஊரு அது. கிராம சபையில திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போட்டாங்க, 2024 பார்லிமென்ட் எலக்‌ஷன்ல கிட்டத்தட்ட மொத்த ஊரும் ஓட்டே போடல.

பணம்னு சொல்றவங்க ஒண்ண யோசிக்கணும், மூணரை மடங்குன்னா எதுல மூணரை மடங்கு? கிராமத்துல பத்திரத்துல போடுற ரேட்டு எப்பவுமே கம்மிதான், அதப் பெருக்கிக் குடுத்தா பக்கத்து ஊர்ல அதே அளவு நஞ்சை வாங்க முடியாதுன்னு பயப்படுறது நியாயந்தானே. பட்டாவே இல்லாம காலங்காலமா கூலிக்கு நாத்து நட்டவங்களுக்கு அந்தக் கணக்குல எடமே இல்ல. கம்பன் கால்வாய் அந்த எடத்துக்குள்ளதான் ஓடுது, ஏரிக்கு ஏரி தண்ணி கொண்டு போற கால்வாய், அது என்னாகும்னு கேட்டா பதில் ஒரு மேப்பா வரணும், வாக்குறுதியா வரக்கூடாது.

சரி, கருத்துக்கேட்புக் கூட்டம் எதுக்கு இருக்குன்னு கேப்பீங்க. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (இஐஏ) அறிவிக்கை என்ன சொல்லுதுன்னா, 30 நாளுக்கு முன்னாடி பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும், கலெக்டரோ அவர் சார்பா ஒரு உயர் அதிகாரியோ தலைமை தாங்கணும், அறிக்கையோட சுருக்கம் தமிழ்ல இருக்கணும், எல்லாத்தையும் வீடியோ எடுக்கணும். இத்தன பேராவது வந்தாத்தான் கூட்டம் செல்லும்னு ஒரு கணக்கு கிடையாது. ஓட்டெடுப்பும் கிடையாது. அதுவும் எடம் முடிவாகி, வரைவு அறிக்கையும் தயாரான பிறகுதான் இந்தக் கூட்டமே நடக்கும்.

பரந்தூர் இல்ல, வேற ஒரு தொழிற்சாலைக்காக நடந்த அப்படி ஒரு கூட்டத்துக்கு நான் போயிருக்கேன். கல்யாண மண்டபம், வாசல்ல ரெண்டு போலீஸ் வேன், உள்ள மொத மூணு வரிசையில நம்ம ஊர் மொகமே இல்ல. தமிழ்ச் சுருக்கம்னு குடுத்தாங்க, படிச்சா தலையும் புரியல வாலும் புரியல. என் பக்கத்துல ஒரு பெரியம்மா அதுல இருந்த மேப்ப மடியில விரிச்சு வச்சு வெரலால தேடிக்கிட்டே இருந்துச்சு, கடைசில மைக்க வாங்கி "எங்க சித்தேரி இதுல எங்க சார் இருக்கு?"ன்னு கேட்டுச்சு. மேடையில இருந்தவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கன்சல்டன்ட் தம்பி ஒருத்தர் வந்து காட்டினாரு, நீலமா ஒரு புள்ளி, பக்கத்துல நீர்நிலை 7னு போட்டிருந்துச்சு. "கலங்கல் எந்தப் பக்கம், மடை எத்தனன்னு தெரியுமா உங்களுக்கு"ன்னு அடுத்து கேட்டுச்சு, தெரியல. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருந்தா அந்த மண்டபத்துல பாதிப்பேர் உக்காந்து மேல பேசியிருப்பாங்கன்னு நான் இன்னிக்கும் நம்புறேன்.

மக்கள் எதுக்குமே ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்றது பொய்ங்க. அமராவதியப் பாருங்க. 2015 வாக்குல ஆந்திராவோட புது தலைநகருக்காக 28,000 விவசாயிங்களுக்கு மேல 33,000 ஏக்கருக்கும் மேல நிலத்தக் குடுத்தாங்க. புன்செய் ஒரு ஏக்கர் குடுத்தா 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனையும் 250 சதுர கஜம் கடை போடுற மனையும் திரும்பக் கெடைக்கும், பத்து வருஷத்துக்கு வருஷாவருஷம் குத்தகைப் பணம், நிலமில்லாத குடும்பத்துக்கு மாசம் 2,500 ரூபா பென்ஷன். வரப்போற வளர்ச்சியில உனக்கும் பங்குன்னு சொன்னாங்க, அது வேலை செஞ்சுச்சு. உண்டவல்லி, பெனுமாக்கா பக்கம் சில பேர் எதிர்த்தாங்கதான், ஆனா பெரும்பாலானவங்க கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் ஆட்சி மாறுச்சு, 2019 டிசம்பர்ல அமராவதி மட்டும் இல்ல, மூணு தலைநகர்னு சொல்லிட்டாங்க, நிலத்தக் குடுத்தவங்க 2021ல அமராவதிப் பக்கத்து துள்ளூர்லருந்து திருப்பதி வரைக்கும் நடந்தே போனாங்க. 2024ல மறுபடி ஆட்சி மாறித்தான் வேலை சூடு பிடிச்சுது. ஆமான்னு சொன்னவங்களுக்கே இந்தக் கதின்னா, யோசிச்சு சொல்றேன்னு நிக்கிற விவசாயிய பிடிவாதக்காரன்னு எப்படிங்க சொல்றது?

எங்க பக்கம் பொண்ணு கேக்கப் போறவங்க தட்டு மாத்துறதுக்கு முன்னாடி நாலு தடவ வந்து திண்ணையில உக்காந்து பேசுவாங்க. நிலம் கேக்கவும் அப்படித்தான் வரணும். சர்வே கல் நடுறதுக்கு முன்னாடி, நாலு எடத்துல எதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே வந்து, இந்த ஏரி போகும், இந்தத் தெரு போகும், பதிலுக்கு இந்த ஊர்ல இந்த எடம்னு கையில பேப்பரோட காட்டணும். வேணாம்னு ஊரே சொன்னா அடுத்த எடத்தப் பாக்குறதுக்கும் தயாரா இருக்கணும். இல்லாட்டி அதுக்குப் பேரு சம்மதம் கேக்குறது இல்ல, தகவல் சொல்றது.

அந்த மண்டபக் கூட்டத்தோட நடவடிக்கைக் குறிப்ப ரெண்டு மாசம் கழிச்சுத் தேடி எடுத்துப் படிச்சேன். பெரியம்மா கேட்டது ஒரே வரியில இருந்துச்சு, "ஒருவர் நீர்நிலை குறித்து வினவினார், உரிய நடவடிக்கை எடுக்கப்படும்". சித்தேரிங்கிற பேரு அதுலயும் இல்ல. பிரின்ட் எடுத்து பையில வச்சிருக்கேன், அடுத்த தடவ ஊருக்குப் போறப்போ அதுகிட்ட படிச்சுக் காட்டணும்.