பசை ஒட்டாத கயாக்

சிங்கப்பூரின் புலாவ் ஊபின் தீவில் நீர் வற்றிய நேரத்தில் கரையேறியது என் தப்பு. இழுக்கும்போது என் கயாக்கின், அதாவது துடுப்புப் படகின், வால்பகுதி கருங்கல்லில் மோதி ‘டக்’கென்றது. சாங்கி திரும்புவதற்குள் உள்ளே அரை வாளித் தண்ணீர். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் 8 சென்டிமீட்டர் விரிசல்.

வீவக அடுக்குமாடி வீட்டில் 12 அடி கயாக்கை எங்கே வைப்பது? அது மச்சான் வீட்டு கார் நிறுத்துமிடத்தில்தான் குடியிருக்கிறது. “இபாக்ஸி பசை போடுங்க மச்சான், கல்லு மாதிரி நிக்கும்” என்றார். ஒரு வாரம் நின்றது. அப்புறம் நகத்தால் நெம்பினேன். பழகிய கல்லிலிருந்து தோசை கிளம்புவதுபோல் முழுசாக வந்துவிட்டது.

கயாக் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். அதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. சூப்பர் குளூ புட்டியையே அதில்தான் செய்கிறார்கள், நான்தான் யோசிக்கவில்லை. உருக்கித்தான் சேர்க்க வேண்டும், அதுவும் அதே பிளாஸ்டிக்கை வைத்து. பால் கேனை வெட்டிப் போடலாம் என்று நினைத்தேன். இரண்டும் பாலிஎத்திலீன்தான், ஆனால் கேன் எச்டிபிஇ என்ற அடர்த்தி கூடிய வகை, என் கயாக் எல்எல்டிபிஇ என்ற அடர்த்தி குறைந்த வகை. இரண்டும் ஒன்றுபோல் உருகாது. சரி என்று எல்எல்டிபிஇ குச்சிகளை இணையத்தில் வாங்கினேன்.

முதலில் விரிசலின் இரு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் துளை. இல்லாவிட்டால் விரிசல் மேலும் ஓடும். பிறகு விரிசல் நெடுகிலும் வாய் அகன்ற பள்ளமாகச் செதுக்கி, வெயிலில் வெளுத்த மேல்தோலைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்தேன். பழைய பசையைச் சுரண்டவே ஒரு மணி நேரம்.

சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை 270 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்தேன். குச்சி சீக்கிரம் இளகிவிடும், கயாக் இளகாது. அவசரப்பட்டால் மேலே மெழுகு ஊற்றியதுபோல் சும்மா உட்கார்ந்திருக்கும். என் முதல் முயற்சி அப்படித்தான் போனது, பிய்த்தெறிந்தேன். இரண்டு பக்கமும் ஈரம்போல் பளபளக்கும்போது குச்சியை அழுத்த வேண்டும். புகை வந்தால் கருகுகிறது என்று பொருள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கவில்லை. இரவு முழுக்க அப்படியே விட்டேன்.

மறுநாள் அடியில் பழைய தமிழ் முரசை விரித்து, உள்ளே ஒரு வாளி ஊற்றினேன். ஒரு மணி நேரம் கழித்தும் தாள் காய்ந்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாங்கியில் இறக்கினேன். திரும்பி வந்து பார்த்தால் உள்ளே மறுபடியும் தண்ணீர்! வயிற்றைக் கலக்கியது. ஒட்டிய இடத்தில் ஒரு துளிகூட இல்லை. தண்ணீர் வடிக்கும் மூடியின் ரப்பர் வளையம் நைந்து போயிருந்தது.