தாளம் பிடித்த கை

பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் மூன்றாவது முறை அழைத்தபோது, பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகச் செய்தது எது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் சுமாராகச் செய்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். தஞ்சாவூரில், நம் பள்ளியில், 1978-லிருந்து நான்கு வருடம் பரதநாட்டியம் கற்றுக்கொண்டேன்.

கடைசி மணி அடித்ததும் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வரிசையாக நிற்போம். டான்ஸ் சார் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் தட்டுக்கழியும் ஒரு மரக்கட்டையும். கழி விழுந்து விழுந்து கட்டையின் நடுவில் சின்னதாக ஒரு குழி. அதில் ஒரு புளியங்கொட்டை உட்காரும், வைத்துப் பார்த்திருக்கிறேன். முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த அரைமண்டியில் இருந்து 'தெய்யா தெய்' என்று காலைத் தட்டும் தட்டடவு தொடங்கும். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் ஏறும். மூன்றாம் காலம் வந்தால் என் முழங்கால் என்னைக் கேட்காமலே நிமிர்ந்துவிடும். சார் தலையைத் தூக்க மாட்டார். "மூணாவது வரிசைல யாரோ நிமிந்துட்டா" என்பார். நிமிர்ந்து தட்டினால் சத்தமே வேறாம். அந்த யாரோ பெரும்பாலும் நான்தான்.

முதல் வருடம் முழுக்க அடவு என்னும் அடிப்படை அசைவுகள் மட்டுமே. ஜதிஸ்வரம் என்ற உருப்படிக்கு வந்தது இரண்டாம் வருடக் கடைசியில். இப்போது ஆறே மாதத்தில் மேடையேற்றச் சொல்லும் பெற்றோரைப் பார்க்கிறேன். சிலப்பதிகாரத்து மாதவிகூட ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு கற்றபிறகுதான் அரசன் முன் ஆடி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள்.

சாருக்கு அப்போதே அறுபதைத் தொட்ட வயது. வெற்றிலைக் காவி ஏறிய பல், லேசான தொப்பை. ஒருநாள் அபிநயம் சொல்லிக்கொடுக்கையில் எழுந்திருக்காமலே பூப்பறிக்கும் கைமுத்திரையான கடகாமுகம் பிடித்து, இல்லாத செடியிலிருந்து மல்லிகை பறித்தார். ஒவ்வொரு மொட்டாகப் பார்த்துப் பார்த்து. ஒன்று மட்டும் கைக்கு எட்டவில்லை; கிளையை வளைத்தார், விட்டுவிட்டார், அது ஆடி அடங்கும்வரை காத்திருந்தார். நாங்கள் இருபது பேரும் மூச்சுவிடாமல் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பண்ணுங்க" என்றார். நாங்கள் பண்ணியது கத்தரிக்காய் பறித்த மாதிரி இருந்தது.

வீட்டில் என் அப்பாயிக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. "நம்ம வீட்டுப் பொண்ணு சதிராடப் போறாளாக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் தேவதாசிகள் ஆடியதற்கு அந்தக் காலத்தில் சதிர் என்று பேர். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டுபோய் வகுப்பில் கேட்டேன்: "சார், நாம ஆடறது சதிரா?" அசட்டுத்தனம்தான். பதினோரு வயது.

சார் கழியைக் கீழே வைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாம்மா. எங்க அம்மா ஆடினது சதிர்தான். அவங்க அம்மா ஆடினதும் அதுதான். பேரைத்தான் பின்னால மாத்தினாங்க" என்றார். அதற்குமேல் அன்று பேசவில்லை.

மிச்சத்தை அடுத்த வருடம் பெரிய கோயிலில்தான் சொன்னார். பள்ளியிலிருந்து எங்களை அழைத்துப் போயிருந்தார்கள். விமானத்தின் மேல்தளத்தில் ஆடல் நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன, 108-இல் 81 மட்டுமே செதுக்கி முடித்தார்கள் என்று வரலாற்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தபோது, சார் எங்கள் நாலைந்து பேரைத் தனியே ஒரு கல்வெட்டு முன்னால் நிறுத்தினார். ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து இங்கே கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேர். எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, பெயர் என்ன என்று எல்லாம் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். "கல்லுல பேர் இருக்கு பாத்தியா, நானூறு பேருக்கும்" என்றார். சாருக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. யாரோ சொல்லிக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்தார்.

இன்று மேடையில் ஆடும் வரிசையை, அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் மார்க்கத்தை, ஒழுங்குபடுத்தியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே ஊர் மராட்டிய அரண்மனையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள். அதை வீடு வீடாகக் காப்பாற்றி வந்தவர்கள், ஆட்டம் சொல்லிக்கொடுத்துத் தாளம் போடும் நட்டுவனார்களும் சதிராடிய பெண்களும். 1930-களில் சென்னையில் சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறியது. 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். மறு ஆண்டு அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்ரா தொடங்கியது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1947-இல், சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வேண்டியதுதான், எந்தச் சிறுமிக்கும் பிறக்கும்போதே வாழ்க்கையை எழுதி வைக்கக்கூடாது. ஆனால் ஆட்டம் எங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்த அதே சமயத்தில், ஆடியவர்கள் வீட்டில் அது நின்றுபோனது. சாரின் தங்கைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கவே இல்லையாம். அந்த மரபில் வந்த நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி போல விடாமல் நின்றவர்கள் மிகச் சிலர்.

இதையெல்லாம் நான் கோத்துப் புரிந்துகொண்டது வெளிநாடு வந்து, மகளின் அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போதுதான். நாட்டிய வரலாறு என்று ஒரு பக்கம் தயாராகவே வைத்திருந்தார்கள். பரத முனிவர் வந்தார், நடராஜர் வந்தார், அடுத்த வரியிலேயே இன்றைய மேடை. நடுவில் ஒருவரும் இல்லை. நான் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். 'சதிர்' என்ற சொல் வேண்டாமே என்று தயங்கினார்கள். என் அப்பாயி நினைவுக்கு வந்தார். அந்தச் சொல் இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன், இருந்தது.

அந்தக் காலத்தில் நட்டுவனாரும் மத்தளக்காரரும் ஆடுபவளுக்குப் பின்னால் நின்று, அவள் முன்னே போனால் கூடவே போய், பின்னே வந்தால் கூடவே வருவார்களாம். பிறகுதான் மேடையோரத்தில் உட்கார வைத்தார்கள். சார் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்: "உக்காந்தா கால் வலிக்கல, ஆனா யார் கண்ணுக்கும் படல."

1981 ஆண்டு விழாவில் நாங்கள் எட்டுப் பேர் அலாரிப்பு ஆடிய படம் என்னிடம் இருக்கிறது. இரண்டாவதாக, நிமிர்ந்து நிற்பது நான். இடது ஓரத்தில் தாளம் பிடித்த ஒரு கை மட்டும் தெரிகிறது. அதற்கப்பால் படம் முடிந்துவிட்டது. அன்று நிறையப் பேர் படம் எடுத்தார்கள். யாரிடமாவது சாரின் முகம் விழுந்த படம் இருந்தால், சங்க முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.