நேர்காணலில் நான் கோட்டைவிட்ட கேள்வி: எண்ணெய்க் கிணற்று ஜியாலஜிஸ்ட் வேலைக்குப் படிக்கிறவர்களுக்கு

மார்த்தாண்டத்தில் என் சித்தி இன்னும் கேட்பாங்க: "மக்களே, நீ போர் போடுற வண்டியிலயா வேல பாக்குத?" முழுக்கத் தப்பும் இல்லை. துளை போடுவதும், மேலே வருகிற கல்துகளைப் பார்த்துக் கீழே என்ன இருக்கு என்று சொல்வதும்தான் வேலை.

பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வுக்கு ராப்பகலாகப் படித்தேன். ஜெனரல் ஆப்டிட்யூடுக்கு 15 மதிப்பெண் இருக்கே, அதை லேசாக விட்டுவிடாதீர்கள் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் சறுக்கியது மட் லாகிங், அதாவது கிணற்றிலிருந்து வருகிற துகளையும் வாயுவையும் பார்த்துப் பதிவு செய்கிற வேலைக்கான முதல் நேர்காணலில். "2,000 மீட்டரில் பிட் (துளைக்கும் முனை) இருக்கு. அங்கே வெட்டின துகள் மேலே வர எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

நம்ம ஊர் போர்வெல்லில் காற்றடித்துத் தள்ளுவதால் பொடி உடனே வெளியே வந்துவிடும். எண்ணெய்க் கிணற்றில் துகளைச் சுமந்து வருவது மட் என்கிற கனமான சேறு. அது குழாய்க்கும் துளைச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஏறி வரவேண்டும். துளை பன்னிரண்டே கால் அங்குலம், குழாய் 5 அங்குலம் என்று வையுங்கள். 2,000 மீட்டருக்கு அந்த இடைவெளியின் கொள்ளளவு சுமார் 127 கன மீட்டர். பம்ப் நிமிடத்துக்கு 3 கன மீட்டர் தள்ளினால் ஏறத்தாழ 42 நிமிடம். இதுதான் லாக் டைம். மணிக்கு 10 மீட்டர் துளைத்தால், துகள் மேலே ஷேல் ஷேக்கருக்கு (சேற்றிலிருந்து துகளைப் பிரிக்கிற அதிரும் சல்லடை) வந்து சேரும்போது பிட் இன்னும் 7 மீட்டர் கீழே போயிருக்கும். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் சாம்பிள் பையில் ஆழத்தைத் தப்பாக எழுதுவீர்கள். அந்தத் தப்பு கடைசி அறிக்கை வரைக்கும் கூடவே வரும்.

இன்னொரு சிக்கல் நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே உரியது. நாம் பார்த்து வளர்ந்தது சார்னோக்கைட், நைஸ் என்கிற கெட்டிப் பாறைகளை. எண்ணெய் தேடுவதோ காவிரிப் படுகை மாதிரிப் படிவுப் பாறைகளில். அதுவும் முழுக்கல்லாகக் கைக்கு வராது, அரிசிக் குறுணை அளவில்தான் வரும். அதற்கு நான் கண்ட பயிற்சி மணவாளக்குறிச்சி கடற்கரை மணல். ஒரு கைப்பிடி எடுத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். இல்மனைட், கார்னெட், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். நிறம், பருமன், உருண்டையா கூரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஷிப்டில் 12 மணி நேரமும் நீங்கள் செய்யப்போவது இதேதான்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி புற ஊதா விளக்கின் கீழ் துகள்கள் மஞ்சளாக மின்னின. எண்ணெய்தான் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். சீனியர் அண்ணன் எதுவும் பேசாமல் நாலைந்து துகளைத் தனியே எடுத்து ஒரு சொட்டு கரைப்பான் விட்டார். எண்ணெய் இருந்தால் வெளிச்சம் கரைந்து வழியும், ஒன்றும் வழியவில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டதும் நுரைத்துப் பொங்கியது. மின்னியது கால்சைட், சுண்ணாம்புக் கனிமம். "வெளக்கு மட்டும் போதாது தம்பி" என்றார். நேர்காணலில் ஃப்ளோரசன்ஸ் (புற ஊதா ஒளியில் மின்னுவது) பற்றிக் கேட்டால் இதைத் தவறாமல் சொல்லுங்கள். கூடவே சேற்றில் வருகிற மீத்தேன் முதல் பென்டேன் வரையான வாயு அளவுகளையும் படித்துவைத்தால் நல்லது.

கடலில் வேலை என்றால் தண்ணீரில் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பும் பயிற்சியும் உண்டு. குழித்துறை ஆற்றில் நீச்சல் படித்தவன் என்ற மிதப்பில் போனேன். ஹெலிகாப்டர் மாதிரி செய்த பயிற்சிக் கூண்டு தண்ணீருக்குள் புரண்டு நிற்பதற்குள் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன்; எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை, வயிறு நிறையக் குடித்ததுதான் மிச்சம். ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். அசைவு முழுக்க நின்ற பிறகு பெல்ட்டைத் தொடுங்கள்.